மாடித் தோட்டத்துக்குக் கீழே ஒரு கட்டில்

சத்தம் கேட்டபோது அவள் மாடியில் அல்லித் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். சிமெண்ட் மூட்டையைத் தொப்பென்று போட்ட மாதிரி ஒரு சத்தம். காலுக்குக் கீழே தளம் லேசாக அதிர்ந்து அடங்கியது. பக்கத்து வீட்டில் எதையோ போட்டு உடைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படித்தானே நினைக்கத் தோன்றும்? இடி விழுந்தால் அது பக்கத்து வீட்டில்தான் விழும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீடு அது பாட்டுக்கு இருந்தது. அவள் வீட்டு ஜன்னலில் இருந்துதான் வெள்ளைப் புழுதி வெளியே வந்துகொண்டிருந்தது. மாமனாரின் அறை ஜன்னல்.

படியில் எப்படி இறங்கினாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. ஒரு செருப்பு மாடியிலேயே கழன்று நின்றுவிட்டது. அறைக் கதவைத் தள்ளியபோது உள்ளே எதுவும் புலப்படவில்லை. மின்விசிறி வேறு நிற்காமல் சுற்றி, புழுதியை மூலை முடுக்கெல்லாம் விசிறிக்கொண்டிருந்தது. சுவரைத் தடவி அதை நிறுத்தினாள். புழுதி மெல்லக் கீழே இறங்க இறங்கக் கட்டில் தெரிந்தது. கட்டிலின் தலைமாட்டில், முறத்தளவு ஒரு கான்கிரீட் பாளம், துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்க, குப்புறக் கிடந்தது.

அவள் கத்தினாள். அதில் வார்த்தை எதுவும் இல்லை. நாலு வருஷமாக அந்த இடத்தில்தான் அந்தத் தலை இருந்தது. அந்தத் தலைக்குத்தான் அவள் தலையணை உறை மாற்றினாள், எண்ணெய் வைத்தாள், மாத்திரைக்கு நிமிர்த்திப் பிடித்தாள்.

"கத்தாதம்மா. இங்கதான் இருக்கேன்."

குரல் கட்டிலின் மறு கோடியில் இருந்து வந்தது. கால் இருக்க வேண்டிய இடத்தில் தலை இருந்தது. தலைமுடி, புருவம், மீசை எல்லாம் ஒரே வெள்ளை. மாமனார் வாயைக் கோணிக்கொண்டு ஒரு தும்மல் போட்டார். அப்போதுதான் அவளுக்கு மூளையே வேலை செய்தது. மூணு வாரம் முன்பு, காலையில் குளிப்பாட்ட வரும் நர்சம்மாவிடம் சொல்லி அவர் தலையணையை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ஃபேன் காற்று முகத்தில் அடிக்கிறது என்று காரணம் சொன்னார். தினமும் பார்க்கிற விஷயம்தான். பயத்தில் நாலு வருஷப் பழக்கம்தான் முன்னால் வந்து நின்றது.

"மாமா! தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மாமா!" என்று சிரிப்பும் அழுகையுமாகச் சொல்லிக்கொண்டே அந்தப் பாளத்தைப் புரட்டித் தள்ளினாள். தள்ளிய பிறகுதான் போர்வையில் ரத்தம் பரவியிருந்ததைப் பார்த்தாள். அது அவருடைய வலது கால். வாதம் வந்து விழுந்துபோன கால்.

"வலிக்குதா மாமா?"

"எது?" என்றார் அவர்.

அவள் போர்வையின் ஓரத்தைக் கிழித்து அந்தக் காலில் சுற்றிக் கட்டிவிட்டுப் போனை எடுத்தாள்.

போன் போட்டவுடனே அவள் கணவன் வந்துவிட்டான். கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசர். நாலு மாடிக்கு மேலே சாரத்தில் நின்று கீழே இருப்பவனை அதட்டிப் பழகிய தொண்டை அவனுக்கு. அன்றைக்கோ வாசலில் நின்று "அப்பா" என்று ஒருமுறை சொன்னான், அவ்வளவுதான். ஆம்புலன்சில் ஏற்றும்போது மாமனார்தான் பேசிக்கொண்டு வந்தார். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர், வாய் கோணியிருந்தாலும் சும்மா இருக்காது. காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து, "நல்லா இருந்தப்பகூட இந்தக் காலுக்கு யாரும் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்ல" என்றார்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் மாடித் தொட்டிகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பயம் காலைப் பற்றியது மட்டும் இல்லை. அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அந்தத் தளத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் சண்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு வேலை, வீட்டுச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியில் போனில் குறை கேட்பது. காலையில் காதில் மாட்டினால் சாயங்காலம் வரை யாராவது ஒருவர் உள்ளே கத்திக்கொண்டே இருப்பார். ஃப்ரிட்ஜ் குளிரவில்லையா, அவள்தான் காரணம். வாஷிங் மெஷின் குதித்துக் குதித்து நடு அறைக்கு வந்துவிட்டதா, அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். "மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் மேடம்" என்று ஊரில் இருப்பவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டில் மன்னிப்புக் கேட்க அவளிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. அவனுக்கோ பகல் முழுக்கக் கத்துவதே உத்தியோகம். திட்டு வாங்கியவளும் கத்திவிட்டு வந்தவனும் ஒரே கூரைக்குள் இருந்தால் என்ன ஆகும்? எலியும் பூனையும்தான்.

மாமியார் போய்ச் சேர்ந்து, மாமனாருக்குப் பக்கவாதம் வந்து, அவரை இங்கே கூட்டிக்கொண்டு வந்த நாளில் இருந்து சண்டைக்கு ஒரு நிரந்தரக் காரணமும் கிடைத்துவிட்டது. நர்சம்மா வராத நாளில் யார் லீவு போடுவது? நேற்று ராத்திரி எழுந்தது யார்? "உங்கப்பாதானே" என்று அவள் ஆரம்பிப்பாள். "நீ செய்யறத சொல்லிக் காட்டாத" என்று அவன் முடிப்பான். முடிப்பான் என்று சும்மா சொன்னேன், எதுவும் முடியாது. சமையலறைக்கும் மாமனார் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அது மெல்லிய சுவர் என்று இருவருக்கும் தெரியும். சண்டை போடும்போது யாருக்குத்தான் சுவர் ஞாபகம் வருகிறது?

போன வருஷம் ஒருநாள் அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "யாரும் கத்தாத ஒரு எடம் எனக்கு வேணும். ஒரு மணி நேரம் போதும்" என்றாள். அவன் பதிலுக்குக் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

படியேறியதும் வரும் பகுதிதான் தோட்டத்துக்கு வாகான இடம். பக்கத்து வீட்டு உயரச் சுவரின் நிழல் அங்கே விழும். கீழே மாமனாரின் அறை. அதுதான் சிக்கல். "இந்த ரூம் பிற்பாடு சேர்த்துக் கட்டினது. தளம் மெலிசு" என்றான் அவன். சாக்பீஸால் தரையில் கோடு போட்டுச் சட்டமும் போட்டான். தொட்டி எல்லாம் பிளாஸ்டிக். மண்ணே கூடாது, தேங்காய் நார்த்தூள்தான். தொட்டிகள் சுவரோரமாக மட்டும். அல்லி வளர்க்க ஆசைப்பட்டாயே, அதற்கு ஒரு சின்ன ஃபைபர் தொட்டி, முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. அவள் தலையை ஆட்டினாள். அவன் சொன்னதை அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இருக்கும்.

தோட்டம் வந்தது. மூங்கில் தட்டி, அதில் ஏறிய மல்லிகை, நிழலில் பெரணி, இரண்டு பிரம்பு நாற்காலி, நடுவில் தண்ணீர் மேல் நாலு அல்லி இலை. சாயங்காலம் வேலையில் இருந்து வந்ததும் மாமனாருக்கு டீயைக் கொடுத்துவிட்டு இருவரும் தங்கள் டம்ளரோடு மேலே போய்விடுவார்கள். என்ன மாயமோ, படியில் ஏறும்போதே இருவருக்கும் குரல் இறங்கிவிடும். அவன் சைட்டில் நடந்த கூத்தைச் சொல்வான். குதித்து நடந்த வாஷிங் மெஷினை அவள் நடித்துக் காட்டுவாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை.

ஆனால் செடி வளரவில்லை. நார்த்தூளில் மல்லிகை மாமியார் வீட்டுக்கு வந்த புதுப்பெண் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அவள் ஆபீசுக்குப் பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டிக் குவித்த செம்மண் கிடந்தது. ஒருநாள் சாப்பாட்டுப் பையில் கொஞ்சம் அள்ளி வந்து மல்லிகைக்குப் போட்டாள். ஒரு வாரத்தில் துளிர் விட்டது. பிறகு கேட்பானேன்? தினமும் ஒரு பை. சிறு துளி பெருவெள்ளம். அவன் வருவதற்குள் நார்த்தூளைக் கொட்டிவிட்டு மண்ணை நிரப்பி, மேலாக மட்டும் ஒரு பிடி நார்த்தூளைத் தூவிவிடுவாள். சொன்னால் சண்டை வரும். அந்த மாடியில் சண்டை வரக் கூடாது. 'இவர் எதையும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுத்தான் சொல்வாரு, தாங்கற எடையில மிச்சம் வெச்சிருப்பாரு' என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த மிச்சம்தான் இப்போது எக்ஸ்ரே அறைக்குள் படுத்திருந்தது.

எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாலில் டிவிக்கு எதிரே இருந்த திவானில் மாமனாரைப் படுக்க வைத்தார்கள். அவன் சைட்டுக்குப் போன் போட்டு இரும்பு முட்டுகளை வரவழைத்து, ஆட்களோடு அந்த அறைக்குள் போய் மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்தான். ஆட்களை அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தவன் அப்படியே நின்றான். பாளம் பெயர்ந்த இடத்தில் கம்பிகள் துருவேறி, உரிந்து தொங்கின. அதைச் சுற்றி ஒரு கறுத்த ஈரம். ஈரத்தில் இருந்து மூலை வரைக்கும் ஓடும் விரிசல். ஊரில் யார் வீட்டுக் கூரையையும் ஒரு பார்வை பார்த்து 'இது தேறாது' என்று சொல்லிவிட்டு வருகிறவன் அவன். தன் அப்பாவின் தலைக்கு மேல் இருந்ததை அவன் பார்த்திருக்கவில்லை. அந்த அறைக்குள் நுழைகிற யாரும் மேலே பார்ப்பதில்லை. மாத்திரை, போர்வை, தண்ணீர் என்று கண் எல்லாம் கட்டிலுக்குத்தான் போகும். அதுவும் தோட்டம் வந்த பிறகு, நுழைந்த காலோடு வெளியே வந்துவிடுவார்கள்.

"இவ்வளவு வெயிட் எங்க இருந்து வந்துச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் மாடிக்கு ஏறினான். அவளும் பின்னாலேயே போனாள். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் கால் கேட்கவில்லை. அவன் முதல் தொட்டிக்குள் கையை விட்டான். மேலாக இருந்த நார்த்தூள் விலகி, கை மணிக்கட்டு வரை சிவப்பாக வெளியே வந்தது.

"இது என்னது?"

"மண்ணு."

"மண்ணுன்னு எனக்கும் தெரியுது. எப்படி வந்துச்சு?"

"நான்தான். கொஞ்சம் கொஞ்சமா..."

"எந்தத் தொட்டியில எல்லாம்?"

அவனே ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் பார்த்தான். கடைசித் தொட்டியையும் பார்த்தான். அல்லித் தொட்டியின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தான். தலையில் கையை வைத்ததில் நெற்றியெல்லாம் செம்மண்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து கீழே பார்த்தாள். கீழே பார்த்ததால்தான் கவனித்தாள். விளிம்பு வளையவே இல்லை. 'ஓரத்துல உக்காராத, ஃபைபர் தாங்காது, பொளந்துடும்' என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான்! எழுபது கிலோ ஆள் உட்கார்ந்திருக்கிறான், தொட்டி அசையாமல் இருக்கிறது. குனிந்து விரல் முட்டியால் தட்டினாள். ஃபைபருக்கு உரிய டொக்கென்ற சத்தம் இல்லை. முட்டிதான் வலித்தது.

"ஏங்க, இது ஃபைபர்னு சொன்னீங்க?"

அவன் முகம் மாறியது.

"அது விரிசல் விட்டுடுச்சு. நீ உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தப்ப. அல்லி வாடிடும்னு... சைட்ல மிச்சம் கெடந்த கான்கிரீட்ல வார்த்துட்டேன். பெயிண்ட் அடிச்சதும் உனக்கே தெரியல."

"நீங்களா? நீங்களா செஞ்சீங்க? கோடு போட்டுச் சட்டம் பேசின நீங்களா?"

"நீ நார்த்தூள்தானே போட்டிருக்கன்னு கணக்குப் போட்டேன். அந்தப் பக்கம் எடை கொறஞ்சிருக்கு, இந்தப் பக்கம் கொஞ்சம் ஏறினா பரவால்லன்னு..."

அவன் வைத்திருந்த மிச்சத்தை நம்பி இவள் மண்ணைக் கொட்டியிருக்கிறாள். இவள் வைத்திருந்த மிச்சத்தை நம்பி அவன் தொட்டி வார்த்திருக்கிறான். இருந்தது ஒரே மிச்சம். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முறை அதைச் செலவு செய்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் அன்பாக இருந்துகொண்டே. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானையாவது தன் தலையில் போட்டுக்கொண்டது. இந்த மகராசனும் மகராசியும் கீழே படுத்திருந்தவர் தலையில் அல்லவா போட்டிருக்கிறார்கள்!

அப்புறம் என்ன, சண்டைதான். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த சண்டை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? எனக்கு மட்டும்தான் சட்டமா?"

"எங்கப்பா தலையில விழுந்திருந்தா?"

"இப்ப மட்டும் உங்கப்பாவா? பெட்பேன் எடுக்கும்போது யாரு அப்பாவா இருந்தாரு?"

படியில் இறங்கும்போதும் நிறுத்தவில்லை. ஹாலுக்குள் வந்தும் நிறுத்தவில்லை. அவள்தான் முதலில் திவானைப் பார்த்தாள். பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. அவன் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

மாமனார் கண்ணை இறுக மூடிப் படுத்திருந்தார். ஒருக்களித்து, வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டிருந்தார். அசையக்கூடிய ஒரே கையால் இடது காதைப் பொத்தியிருந்தார்.

அவள் போய் அவருடைய தண்ணீர்க் கோப்பையை நிரப்பிக்கொண்டு வந்தாள். கையை மெல்ல எடுத்துவிட்டு உறிஞ்ச வைத்தாள். அவனும் பக்கத்தில் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"அப்பா, ஏதோ நல்ல நேரம்ப்பா. தலைய மாத்திப் படுத்தீங்களே. அந்த ஃபேன் காத்து உங்களக் காப்பாத்திடுச்சு."

அவள் திறந்திருந்த கதவு வழியாக அந்த அறையைப் பார்த்தாள். முட்டுகளுக்கு நடுவில் மின்விசிறி தொங்கியது. கட்டிலுக்கு நேர் நடுவில். தலையை எந்தப் பக்கம் வைத்தாலும் காற்று ஒரே மாதிரிதான் அடிக்கும்.

அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"மாமா, ஃபேன் நடுவுலதானே இருக்கு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாமா. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"என்ன பேசற நீ?" என்றான் அவன். "அப்பா, என்ன பேசறா இவ?"

அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒரு பக்க உதடு ஒத்துழைக்காது.

"மொதல்ல முடி மாதிரி ஒரு கோடு" என்றார். "மல்லாந்து கெடக்கறவனுக்கு வேற என்ன வேல? அதையே பாத்துக்கிட்டிருப்பேன். அப்புறம் நீண்டுச்சு. அப்புறம் சொட்டுச்சு."

"சொட்டுச்சா? தண்ணியா?" என்றாள் அவள்.

"நீ மேல செடிக்கு ஊத்துவேல்ல, அதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சு."

அவள் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள். மூடி போட்ட, மூக்கு வைத்த, வாத்துப் படம் போட்ட பிளாஸ்டிக் கோப்பை. சின்னக் குழந்தைகளுக்கு வாங்குவது. தலையணை நனைகிறது, போர்வை நனைகிறது, கேட்டால் 'தண்ணி குடிக்கையில சிந்திட்டேம்மா' என்கிறார் என்று அவள்தான் அதை வாங்கி வந்தாள். வாங்கி வந்த அன்று, "சின்னப் புள்ளையா மாமா நீங்க? எத்தனை போர்வைதான் துவைக்கறது?" என்று நன்றாகவே சத்தம் போட்டாள். அவர் வாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் தண்ணீர் குடித்தது இதில்தான். போர்வை நனைவது நிற்கவே இல்லை. அவளும் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டாள்.

கோப்பையைத் தரையில் வைத்தாள். அதைத் தொடவே அவளுக்குக் கூசியது.

"ஏன்ப்பா சொல்லல?" என்றான் அவன். "ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த!"

"அம்பது பேர் ஏற வேண்டிய பஸ்ல தொண்ணூறு பேர ஏத்திக் கொண்டுபோய்ச் சேத்தவன்டா நான். தாங்கும்னு நெனச்சேன்."

"விளையாடாதீங்கப்பா."

மாமனார் மகனைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். விளையாட்டு முகத்தை விட்டுப் போயிருந்தது.

"சொன்னா தோட்டத்த எடுத்துடுவீங்க" என்றார். "எடுத்துட்டா ரெண்டு பேரும் மறுபடி கீழ வந்துடுவீங்க."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை வேண்டும் என்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் அது அவளை அப்படி அடித்தது. மேலே அவர்கள் டீ குடித்துச் சிரித்த ஒவ்வொரு சாயங்காலமும் கீழே ஒரு மனிதர் மல்லாந்து படுத்து, முகத்தில் சொட்டும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். விரிசல் நீள நீள, அதை நிறுத்தும் ஒரு சொல் வாயில் இருந்தும், அதை விழுங்கியிருக்கிறார். தன் வீட்டில் ஒரு சாயங்காலத்துக்கு இதுதான் விலை என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாளா?

"கட்டிலையாவது நகத்தச் சொல்லியிருக்கலாமே மாமா?"

"ஏன்னு கேப்பீங்க. கேட்டா மேல பாப்பீங்க."

"அப்ப காலு?"

"அது ஏற்கெனவே போன காலுதானம்மா" என்றார் அவர். "தலைய மட்டும் மாத்திக்கிட்டேன்."

மகன் எழுந்து வெளியே போய்விட்டான். வாசல் குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவன் முகம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவள் மாமனாரின் தலைமுடியில் மிச்சமிருந்த சுண்ணாம்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மன்னிக்கணும் என்ற வார்த்தையை நாளுக்கு நூறு தடவை சொல்கிறவள், அன்றைக்கு அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே மாடியைக் காலி செய்துவிட வேண்டும் என்று அவன் சொன்னான். மாமனாருக்கு டிவியைப் போட்டுக்கொடுத்து, ரிமோட்டை இடது கையில் வைத்துவிட்டு இருவரும் மேலே போனார்கள். "நடுவுல வராத. சுவரோரமாவே நட" என்றான். ஒவ்வொரு தொட்டியாக இறக்கினார்கள். தூக்கும்போதுதான் அவளுக்கே தெரிந்தது அவள் எவ்வளவு மண்ணை மேலே ஏற்றியிருக்கிறாள் என்று. மல்லிகையைத் தட்டியோடு பிடுங்கினார்கள். வேர் நன்றாகப் பிடித்திருந்தது. அல்லித் தொட்டியை உடைக்க முடியாது, ஓங்கி அடித்தால் தளமே இறங்கிவிடும். வாளி வாளியாகத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார்கள். காலித் தொட்டியின் அடியில் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "ஒரு வார்த்த கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றான்.

"நீங்க சொல்லியிருந்தா மட்டும்?"

"நான் தண்ணி எடைய யோசிச்சுத்தான் செஞ்சேன். நீ யோசிச்சியா?"

"ஆமா, எனக்கு எங்க அறிவு இருக்கு? எல்லா அறிவும் உங்க சைட்லதானே..."

அவள் குரல் எழும்பியது. அவன் அதற்கு மேல் எழுப்ப மூச்சை இழுத்தான்.

கீழே டிவி சத்தம் நின்றது.

இருவரும் அசையாமல் நின்றார்கள். பழுதாகி நின்ற மாதிரி இல்லை, யாரோ ரிமோட்டை அழுத்தி நிறுத்தியிருக்கிறார்கள். ஹாலில் இருந்து படி வழியாக ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் இழுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் அவளைப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். பிறகு, படியின் பக்கமாக முகத்தைத் திருப்பி, தேவைக்கு மேல் உரக்கச் சொன்னான்:

"ஏன்மா, இந்தத் தொட்டிய இறக்க ஒரு வழி இருக்கு. ஒரு பலகையப் போட்டு, மறு பக்கம் உங்க குண்டு அண்ணன உக்கார வெப்போம். தொட்டி தானா மேல எழும்பிடும்!"

சிரிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவள் சிரித்தாள். கீழே போய்ச் சேரும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தாள். "எங்க அண்ணன ஏன் இழுக்கறீங்க? உங்க தொப்பைக்கு என்ன கொறச்சல்?" என்று பதிலும் சொன்னாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கீழே டிவி மறுபடி பேச ஆரம்பித்தது.

அவளுக்குச் சிரிப்பு அதற்கு மேல் தாங்கவில்லை. அழுகை வந்துவிட்டது. அது கீழே கேட்டுவிடக் கூடாது என்று துப்பட்டாவைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். அவன் அவள் பக்கத்தில் இருந்த வாளியை மெல்ல எடுத்து ஓரமாக வைத்தான். படியின் பக்கம் திரும்பி, அவன் மட்டும் இன்னொரு முறை சத்தமாகச் சிரித்தான்.